18ஆம் நூற்றாண்டு கவுன்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

வரலாற்று உடைத் தயாரிப்புப் படிப்பின் இறுதிச் செய்முறைக்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கில கவுனை எடுத்துக்கொள்பவர்கள், பெரும்பாலும் முதல் வாரமே பட்டு தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பட்டு கடைசியில் வரட்டும். அந்தக் காலத்து உடை உள்ளிருந்து வெளியே கட்டப்படுவது. முதலில் உடம்பை ஒட்டி அணியும் லினன் உள்ளாடையான ஷிஃப்ட், அதன்மேல் ஸ்டேஸ் எனப்படும் விறைப்பான உள்கச்சு, பிறகு இடுப்பில் கட்டும் பைகள், இடுப்பைப் புடைக்க வைக்கும் திண்டு, பெட்டிகோட் எனப்படும் பாவாடை. இவை எல்லாவற்றுக்கும் மேலேதான் கவுன். ஸ்டேஸ் போட்டதும் மார்பு மேலேறும், முதுகு நிமிரும், மேலுடம்பு கூம்பு வடிவமாகும். அது இல்லாமல் எடுத்த அளவு கவுனுக்கு உதவாது. கையில் இருக்கும் நாட்களில் பாதியை ஸ்டேஸுக்கே ஒதுக்குங்கள்.

ஸ்டேஸின் உடல், இரண்டு அடுக்கு கெட்டி லினனைச் சேர்த்து வரிவரியாகத் தைத்து, அந்த வரிகளுக்குள் பட்டைகளைச் செருகுவதில் உருவாகிறது. அன்று செருகியது திமிங்கலத்தின் வாயில் வளரும் தட்டுகளிலிருந்து கிழித்த பட்டை. இன்று அதற்குப் பதிலாக 5 மி.மீ. அகல பிளாஸ்டிக் பட்டை நன்றாகவே உழைக்கிறது. 5 மி.மீ. பட்டைக்கு 6 முதல் 7 மி.மீ. வரி வேண்டும். வரி குறுகினால் பட்டை நுழையாது, வலிந்து தள்ளினால் தையல் தெறிக்கும். அகன்றால் பட்டை உள்ளே புரண்டு, வெளியே அலை அலையாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சுருக்கம். ஒவ்வொரு பட்டையின் தடிமனும் துணியின் அகலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். முழுக்கப் பட்டை அடைத்த ஸ்டேஸில் இந்த இழப்பெல்லாம் சேர்ந்து உடம்பில் நன்றாகத் தெரியும். அதனால் அதே துணி, அதே நூல், அதே பட்டையில் சரியாக 10 செ.மீ. அகல மாதிரி ஒன்று தைத்து, பட்டை அடைத்து, மறுபடி அளந்து பாருங்கள். குறைந்த அளவை முழுச் சுற்றுக்கும் கணக்கிட்டு பேட்டர்னில் சேர்த்துவிடுங்கள். பின்பக்கக் கயிற்றை இழுத்துக் கட்டிய பிறகும் ஏறத்தாழ 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி மூடிவிட்டால் மேற்கொண்டு இறுக்க வழியில்லை. இடுப்புக் கோட்டில் எந்தத் துண்டும் கிராஸில், அதாவது இழைக்குக் குறுக்கே சாய்வாக, விழக் கூடாது. விழுந்தால் சில மணி நேரத்திலேயே இடுப்பு தளர்ந்துவிடும்.

பட்டையை வரியைவிட 6 மி.மீ. குறைவாக வெட்டி, முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். கூர்முனை துணியைத் துளைக்கும். கயிறு கோக்கும் துளைகளைக் கத்தரியால் வெட்ட வேண்டாம். ஊசித்தமர் எனப்படும் கூர்முனைக் குத்தூசியால் இழைகளை விலக்கித் திறந்து, சுற்றிலும் நெருக்கமாகத் தைத்தால் இழை அறாமல் வலு நிற்கும். உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது, இங்கே அடித்தால் தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஒற்றைக் கயிறு சுருளாக ஏறுவதால் எதிரெதிர்த் துளைகள் ஒரே மட்டத்தில் இருக்காது. இடுப்புக்குக் கீழே விரியும் நாக்குகளின் விளிம்பைச் சுற்றிப் பட்டி கட்டுவதுதான் மிக மெதுவான வேலை. உள்மூலைகளில் துணி சுருண்டு திரளும். அங்கே அவசரம் காட்டினால் தொலைவிலிருந்தே தெரியும். லைனிங்கைக் கடைசியில் தனியாகத் தையுங்கள். அழுக்கானதும் பிரித்து மாற்ற வசதியாக அன்றும் அப்படித்தான் தைத்தார்கள்.

இனி கவுன். ஸ்டேஸ் போட்ட உடம்பின்மேல் காடாத் துணியில் முன்மாதிரி போடுங்கள். மார்புக்கு டாட் (உருவத்துக்காகத் துணியை உள்ளே மடித்துத் தைப்பது) பிடிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும், உருவத்தை ஸ்டேஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. முதுகுப் பகுதி குறுகலாகவும் கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக உயர்ந்தும் இருக்கட்டும். கை தூக்க முடியவில்லை என்று பயந்து குழியை ஆழமாக வெட்டுவது பலரும் செய்யும் தவறு. ஆழமானால் கையைத் தூக்கும்போது மேல்பகுதி முழுவதும் கூடவே எழும்பும். முதலில் லினன் லைனிங்கை உடம்பில் பொருத்திவிட்டு, அதன்மேல் பட்டுத் துணியை மடித்துக் குத்தித் தைப்பதே அந்தக் காலத் தையற்காரர்களின் வழி. முடிச்சு முடிச்சாக இழை தெரியும் டுபியான் பட்டு இதற்கு ஒத்துவராது. வழவழப்பாக நெய்த டாஃபெட்டா வாங்குங்கள்.

பெட்டிகோட்டின் கீழ்விளிம்பை வளைத்து வெட்டாதீர்கள். அது ஊடை இழையோடு நேராக ஓட வேண்டும். திண்டின்மேல் துணி ஏறுவதால் வரும் நீள வித்தியாசத்தை இடுப்பிலேயே சரிசெய்து, மேலே மிஞ்சுவதை மடித்துக் கொசுவம் வையுங்கள்.

தையல் விஷயத்தில் எல்லா இடத்திலும் பொடித் தையல் போட்டால் கூடுதல் மதிப்பெண் வரும் என்று நினைப்பது தவறு. கையும் மேல்பகுதியும் இழுபடும் இடங்கள், அங்கே பின்தையல். பாவாடையின் நீண்ட இணைப்புகளில் ஓட்டுத் தையல் போதும். பட்டின் விலை அதிகம், கூலி குறைவு. பிரித்து மறுபடி தைக்க வசதியாகவே அப்படித் தைத்தார்கள். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்து அயர்ன் செய்தால் சிக்காது.

வாய்மொழித் தேர்வில், எது இந்தக் காலத்துக்குப் பிறகு வந்தது என்பது போன்ற காலக் கேள்விகள் வரும். சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல், ஆங்கில வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856இல், பெண்கள் உடையில் ஜிப் பரவியது 1930களில். மேடை உடை என்றால் மறைவான இணைப்புகளில் இயந்திரத் தையல் ஏற்கப்படும், மாற்றித் தைக்க 2.5 செ.மீ. தையல் இடமும் விடலாம். அருங்காட்சியகப் பிரதி என்றால் இயந்திரத்தைத் தொடாதீர்கள். எதைச் செய்கிறீர்கள் என்பதை உடையோடு சமர்ப்பிக்கும் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கோப்பில் ஓவியத்தை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். ஓவியம் உட்புறத்தைக் காட்டாது. எஞ்சியிருக்கும் உடைகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. பல, பிற்காலத்தில் மாற்றித் தைக்கப்பட்டவை. பழைய ஊசித் துளைகளும், மடிப்புக்குள் மங்காமல் நிற்கும் நிறமும் அதைக் காட்டிக்கொடுக்கும். மூலத்திலிருந்து நீங்கள் விலகிய ஒவ்வொரு இடத்தையும் காரணத்தோடு குறித்துவையுங்கள். பிளாஸ்டிக் பட்டையும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.