இரண்டாவது கேள்வி

"இந்த பஸ் இல்லாட்டி எதில வந்திருப்பீங்கள்?" என்பதே, பஸ் சேவையால் எவ்வளவு புகை குறைந்தது என்று கணக்கிடப் பயணிகளிடம் நான் நிரப்பிய படிவத்தில் இருந்த கேள்வி. விசுவமடுவில் ஏறிய அம்மா, "வந்திருக்க மாட்டன் தம்பி, போன ரெண்டு கிளினிக்கும் விட்டனான்" என்றார். படிவத்தில் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், சைக்கிள், நடை என ஐந்து கட்டங்களே இருந்தன. "கட்டாயம் வரத்தான் வேணுமெண்டால்?" என்று நானாகக் கேட்டேன். "அப்ப ஓட்டோதான் பிடிக்கவேணும். காசு ஆர் தாறது?" என்றார். அந்த விடையின் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டோவுக்கு எதிரே அடையாளமிட்டேன்.

கணக்கு முழுவதும் அந்த அடையாளங்களின் மேல்தான் நிற்கிறது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். பஸ் லீற்றருக்கு 3 கிலோமீற்றர் ஓடுமென்று கொண்டால், கிலோமீற்றருக்கு 900 கிராம். பெற்றோலுக்கு அது லீற்றருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ; லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குக் கிலோமீற்றருக்கு 50 கிராம் அளவில்தான் வரும். ஆகவே, தனியே ஓடிவரும் 18 பேராவது மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஏறினால்தான் பஸ் தன் புகையை ஈடுசெய்யும். நடந்து வந்தவர்களும் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் எத்தனை பேர் ஏறினாலும் குறைப்பு என்று எதுவும் சேராது. ஓட்டோவோ திரும்பும்போது வெறுமையாக ஓடுவதால், அதில் இடும் ஒவ்வோர் அடையாளமும் குறைப்பை இன்னும் பெரிதாக்கும்.

உள்ளபடியே எழுதியிருந்தால் புகை கூடியது என்றுகூட முடிவு வந்திருக்கலாம். அதைக் காட்டிச் சேவையை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சினேன். அந்த அச்சம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். வறுமையால் அடங்கிக் கிடக்கும் தேவையையும் கணக்கில் எடுக்கலாம் என்று வளர்முக நாடுகளில் புகையைக் குறைக்கும் திட்டங்களைக் கணக்கிட்டு அங்கீகரித்த, கியோட்டோ உடன்படிக்கையின் தூய அபிவிருத்திப் பொறிமுறையே வழிகாட்டியிருந்தது. காசிருந்தால் அந்த அம்மா ஓட்டோவில்தான் வந்திருப்பார் என்று வாதிட எனக்கு இடமுண்டு. ஆனால் அப்படிக் கணக்கிடுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. ஒருநாளும் ஓடாத ஓர் ஓட்டோவின் புகையை, ஓடி நின்றுபோன புகையாகக் காட்டினேன். கிளினிக்குக்குப் போகமுடிந்ததே அந்த பஸ்ஸின் முதற்பயன் என்று ஒரு வரி எழுதியிருந்தால், ஓட்டோவே தேவைப்பட்டிராது. அந்த வரியை யார் வாசித்திருப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

அன்றைக்குப் பிறகு ஏறியவர்களில் பலரிடம் அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டேன். எவரெவரிடம் கேட்டேன் என்று படிவங்களில் குறிக்கவில்லை. இப்போது பிரித்தெடுக்க நினைத்தாலும் முடியாது.