ஒரு ஸ்கேனுக்காக ஒரு பிறப்புச் சான்றிதழ்

நீலகிரிச் சரிவில் வாழும் இருளர்கள் நாங்கள். என் அக்கா மகனுக்கு எட்டு வயது. குளிர் தொடங்கினாலே கை கால் கடுக்கிறது என்று சுருண்டு படுத்துவிடுவான். ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையும் டானிக்கும் கொடுத்து அனுப்புவார்கள். வருஷக்கணக்கில் விழுங்கினான், வலி மட்டும் போகவில்லை.

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுதான் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் என்று சந்தேகப்பட்டது. அரிவாள் செல் சோகையை 2047க்குள் ஒழிப்பதற்காக மத்திய அரசு 2023 ஜூலையில் ஆரம்பித்த திட்டத்தில், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை எல்லோரையும் சோதிக்கிறார்கள். அடுத்த பரிசோதனையில் உறுதியானது. அக்கா, மாமா இருவரையும் சோதித்ததில் இருவரிடமும் அந்த மரபணு இருந்தது. அவர்களுக்கு நோய் இல்லை, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வந்திருக்கிறது. "மருமகள் வீட்டுச் சீக்கு" என்று மாமாவின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது.

இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்க வேண்டும், அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குத் தேயிலைத் தோட்டக் கூலி போகும், ஜீப் வாடகை தனி. யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். பேச்சும் ஒரு சிக்கல்தான். அக்காவுக்குத் தமிழ் வரும். ஆனாலும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பாள். அதனால்தான் நான் கூடப் போக ஆரம்பித்தேன்.

அப்புறம் பையன் நொண்ட ஆரம்பித்தான். இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுங்கள் என்றார் டாக்டர். கீழே சமவெளியில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போனோம். "காப்பீட்டு அட்டை இருந்தால் காசு கட்ட வேண்டாம்மா, கொண்டாங்க" என்றார்கள். இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, ஆனால் பையன் பெயர் ரேஷன் கார்டிலேயே இல்லை. கார்டில் சேர்க்க ஆதார் கேட்டார்கள். ஆதாருக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவன் வீட்டில் பிறந்தவன், மழையில் பாதை அடைபட்டிருந்த நேரம். பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும்.

பதிவேட்டில் பெயர் இல்லை என்று முதலில் ஒரு சான்று வாங்கினோம். அப்புறம் விஏஓ விசாரணை. ஒரு அலுவலகத்தில், மருத்துவமனையில் பிறந்ததற்கான சீட்டு இல்லாமல் மனுவையே வாங்க மாட்டோம் என்றார்கள். வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சீட்டை யார் கொடுப்பது?

கைகொடுத்தது தடுப்பூசி அட்டை. அக்கா அதை அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். ஓரம் பூச்சி அரித்திருந்தது, ஆனால் பிறந்த தேதியும் கிராம சுகாதார செவிலியரின் கையெழுத்தும் தெளிவாக இருந்தன. அந்தச் செவிலியர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார். போன் செய்ததும், "பழைய பதிவேடு துணை சுகாதார நிலையத்தில்தான் இருக்கும் பாப்பா, கேட்டு வாங்கு" என்றார். இருந்தது. அதோடு அங்கன்வாடிப் பதிவேட்டின் நகலையும் சேர்த்தபின் மனுவை வாங்கிக்கொண்டார்கள். உத்தரவு வர மாதங்கள் ஆயின. வந்தபின் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீடு எல்லாம் மளமளவென்று நடந்தன. எங்களைப் போல வீட்டில் பிறந்த பிள்ளை வைத்திருப்பவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஸ்கேனில் பாதிப்பு ஆரம்ப நிலையில்தான் இருந்தது. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று சொல்லிப் பயிற்சிகள் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகை மாற்றுத்திறன்களில் அரிவாள் செல் நோயும் உண்டு. அந்த அட்டைக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். மருத்துவக் குழு தேதி சொல்ல வேண்டும். மாத்திரை வாங்கும் நாளிலேயே கூப்பிட்டால் நல்லது, அக்காவுக்கு ஒரு நாள் கூலியோடு போகும்.