பெயர் ஒன்று, பூ வேறு

மருத்துவக் கஞ்சா தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒவ்வொரு ரகத்துக்கும் அதன் விளைவை நாலு வரியில் எழுதுவது. மருத்துவர் சீட்டோடு வரும் நோயாளியின் கைக்குப் போகிற தாள் அது. எனக்கு முன்னால் இருந்தவர் ஓர் அட்டவணை விட்டுப் போயிருந்தார். சாட்டிவா என்றால் உற்சாகம், பகலுக்கு ஏற்றது. இண்டிகா என்றால் உடல் தளர்வு, தூக்கம். ஹைப்ரிட் என்றால் இரண்டிலும் கொஞ்சம். ரகத்தின் பெயரைப் பார்த்து, அது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கண்டுபிடித்து, வரியை எடுத்துப் போட வேண்டியதுதான். இரண்டு மாதம் அப்படித்தான் எழுதினேன்.

அப்புறம் ஆய்வுக்கூட அறிக்கைகள் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. ஒரே பெயரில் இரண்டு பண்ணைகளிலிருந்து பூ வந்திருந்தது. ஒன்றில் போதை தரும் பொருளான டிஎச்சி 20 சதவீதம், போதை தராத சிபிடி இல்லவே இல்லை என்று சொல்லலாம். இன்னொன்றில் டிஎச்சி 6, சிபிடி 9. என் தாளில் இரண்டுக்கும் ஒரே நாலு வரி. கூடத்தில் இருந்த மூத்த வேதியியலாளரிடம் ஓடினேன். “மேடம், இதில் எது உண்மையான பூ?” என்று கேட்டேன். “இரண்டுமே உண்மையான பூதான் தம்பி. பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அதைப் போய் நம்பலாமா?” என்றார்.

அன்று இரவே இந்தப் பெயர்களின் கதையைத் தேடிப் படித்தேன். சாட்டிவா என்று தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்டார். இண்டிகா என்று இன்னொரு தாவரவியலாளர் லமார்க் 1785இல் பெயரிட்டார். லமார்க் பார்த்தது இந்தியாவிலிருந்து போன, குறுகலான இலை கொண்ட செடி. இன்று வளர்ப்பவர்கள் பேச்சில் இண்டிகா என்றால் குட்டையான, அகல இலைச் செடி. அதாவது பெயரே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல்தான் நான் ‘நல்ல தூக்கம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஏறக்குறைய 90,000 மாதிரிகளின் வேதிக் கணக்கை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. இந்த மூன்று பெயர்களும் பூவுக்குள் இருக்கும் பொருள்களோடு ஒத்துப்போகவில்லை என்றுதான் அதுவும் சொன்னது.

உருப்படியான ஒரு வகைப்பாடு ஏற்கனவே இருந்தது. 1973இல் ஸ்மால், பெக்ஸ்டெட் என்ற இருவர் டிஎச்சி, சிபிடி விகிதத்தை வைத்துச் செடிகளைப் பிரித்தார்கள். டிஎச்சி மேலோங்கியது முதல் வகை, இரண்டும் கணிசமாக உள்ளது இரண்டாம் வகை, சிபிடி மேலோங்கியது மூன்றாம் வகை. கேட்க வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் நோயாளியிடம் பொய் சொல்லாத வகைப்பாடு இது. இதற்கு மாறிவிடலாம் என்று மேலிடத்தில் கேட்டேன். “விளைவு என்னன்னு தெரியணும்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, கெமிஸ்ட்ரி பாடமா கேக்கறாங்க?” என்றார்கள். சரி என்று திரும்பி வந்துவிட்டேன். அப்போது இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் ஒரு பெண் போனில் பேசினார். அவருடைய அம்மாவுக்கு நரம்பு வலி, பல மாதமாகத் தூக்கம் இல்லை. நான் எழுதிய தாளில் ‘உடல் தளர்வு, ஆழ்ந்த தூக்கம்’ என்று இருந்திருக்கிறது. அம்மா அந்தப் பூவை ஆவியாக்கும் கருவியில் வைத்து இழுத்திருக்கிறார். சில நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, உயிர் போய்விடும் என்ற பயத்தில் விடியும்வரை மகளின் கையை விடவில்லையாம். “தூக்கம் வரும்னுதானே சார் எழுதியிருந்தீங்க?” என்று மகள் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பூவின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். முதல் வகை, நல்ல வீரியம். அந்த அம்மா முன்பு எப்போதும் எடுத்ததில்லை. டிஎச்சி விஷயத்தில் அளவு ஏறினால் விளைவு கூடும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. விளைவு திசையே மாறிவிடலாம். 2017இல் சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வில், பிறர் முன்னால் பேச வைத்துப் பதற்றம் உண்டாக்கும் சோதனை ஒன்றை நடத்தினார்கள். 7.5 மில்லிகிராம் டிஎச்சி மாத்திரை எடுத்தவர்களுக்குப் பதற்றம் தணிந்தது. 12.5 எடுத்தவர்களுக்குக் கூடியது. இடையில் இருப்பது வெறும் 5 மில்லிகிராம். எந்தப் பெயரும் இதைச் சொல்லாது.

உட்கொள்ளும் வழியும் அப்படித்தான். இழுத்தால் சில நிமிடத்தில் தெரியும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். வாய் வழியாக எடுத்தால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஒன்றுமே தெரியாது. அதற்குள் கல்லீரல் அதை இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாற்றிக்கொண்டிருக்கும். ‘வேலை செய்யவில்லை’ என்று இரண்டாம் தடவை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பூவில் உள்ள வாசனை எண்ணெய்களைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். எலுமிச்சை வாசனை தரும் லிமோனீன், லாவெண்டரில் இருக்கும் லினலூல், மிளகில் இருக்கும் காரியோஃபிலீன். 2024இல் வந்த ஆய்வில், லிமோனீனை டிஎச்சியோடு சேர்த்து ஆவியாகக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. ஆனால் அங்கே கொடுத்தது தனியாகச் சேர்த்த லிமோனீன், பூவில் இயல்பாகக் கிடைக்கும் அளவு அல்ல. அதனால் தாளில் வாசனையை வாசனையாக மட்டும் எழுதினேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை சொற்கள்தான். நோயாளிகளிடமிருந்து வந்த குறிப்புகளை அடுக்கி வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ‘தலை லேசாக இருந்தது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பாரம் இறங்கியதா, கிறுகிறுப்பா? ‘அசத்திவிட்டது’ என்று இன்னொருவர். தூக்கம் அசத்தியதா, மருந்து பிரமாதம் என்கிறாரா? ‘நேரம் நகரவே இல்லை’ என்பது டிஎச்சியின் நேரடி விளைவாக இருக்கலாம், வலியோடு தனியாகக் கிடந்தவரின் ராத்திரியாகவும் இருக்கலாம். ‘போதை’ என்ற சொல்லை ஒருவரும் எழுதவில்லை. வெட்கமாக இருந்திருக்கும். நாம் கேட்டால்தானே சொல்வார்கள்? அவர்களையே திரும்ப அழைத்துக் கேட்டேன். லேசாக இருந்தது என்றவர், எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். முந்தைய அட்டவணையில் அந்தக் குறிப்பு ‘தளர்வு, நேர்மறை’ என்று பதிவாகியிருந்தது.

அதற்குப் பிறகு கேள்வித்தாளை மாற்றினோம். மருந்து ஆய்வுகளில் பயன்படும் 100 மில்லிமீட்டர் கோட்டை எடுத்துக்கொண்டோம். ஒரு முனையில் ‘துளியும் இல்லை’, மறுமுனையில் ‘மிக அதிகம்’. தான் உணர்வதற்கேற்ப நோயாளி இடையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஏதாவது உணர்கிறீர்களா, அது பிடித்திருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த வழியில் என்ற கட்டங்கள். மருந்து எடுப்பதற்கு முன்பே நிரப்ப வேண்டிய ஒரு கேள்வியையும் நான் பிடிவாதமாகச் சேர்க்க வைத்தேன்: ‘என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?’ தூக்கம் வரும் என்று நம்பி எடுப்பவரின் பதிலையும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எடுப்பவரின் பதிலையும் ஒரே குவியலில் போடக் கூடாது.

ரகத்தின் பெயர் இப்போது தாளின் கடைசியில், சின்ன எழுத்தில் இருக்கிறது. மேலே வகை, டிஎச்சி, சிபிடி, அந்தத் தொகுதியைச் சோதித்த தேதி.

அந்த அம்மாவுக்கு அவருடைய மருத்துவர் மூன்றாம் வகைக்கு மாற்றி, மிகக் குறைந்த அளவில் தொடங்கினார். சில வாரம் கழித்து அவருடைய தாள் வந்தது. கோடுகளில் எல்லாம் நடுங்கிய கையால் போட்ட புள்ளிகள். கீழே எழுதியிருந்தார்: ‘வலி அப்படியேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினேன் என்று மகள் சொல்கிறாள். பயம் வரவில்லை.’ சுருக்காமல், திருத்தாமல், விளைவு என்ற கட்டத்தில் அதை அப்படியே தட்டச்சு செய்தேன்.