போர்ட்டோவில் குடல் குழம்பு, எவோராவில் கொத்தமல்லி

போர்ச்சுகலில் இறங்கிய முதல் இரவு நாங்கள் சாப்பிட்டது குடல். நானும் அக்காவும் மதுரைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு, போர்ட்டோ நகரத்தின் பெருமைமிக்க உணவே குடல்தான் என்று கேள்விப்பட்டதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. மண்சட்டியில் வந்தது. மாட்டுக் குடல், வெள்ளை பீன்ஸ், கேரட், புகையில் வாட்டிய பன்றி இறைச்சித் துண்டுகள், பக்கத்தில் வெள்ளைச் சோறு. ஆவியோடு சீரக வாசனை மேலே வந்தது. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக் குழம்புதான்டி இது. காரம் மட்டும்தான் இல்ல."

இந்த உணவுக்கு ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். 1415-ல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவைப் பிடிக்கக் கப்பல்கள் கிளம்பியபோது, போர்ட்டோ மக்கள் தங்களிடம் இருந்த நல்ல இறைச்சியை எல்லாம் உப்புப் போட்டுக் கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். மிஞ்சியது குடல். அன்றிலிருந்து போர்ட்டோக்காரர்களுக்குத் 'திரிப்பெய்ரு' என்று பெயர், குடல் தின்பவர்கள் என்று அர்த்தம். அதை அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நல்லது வேறெங்கோ போய்விட, மிஞ்சியதைப் பக்குவமாகச் சமைத்துச் சாப்பிட்ட கதை அந்த நாட்டில் நாங்கள் போன ஊரெல்லாம் எதிரே வந்தது.

மறுநாள் காலை சாவ் பென்டு ரயில் நிலையத்துக்குப் போனோம். ரயில் ஏறப் போகிறவர்கள்கூடக் கொஞ்ச நேரம் நின்று அண்ணாந்து பார்க்கிற இடம் அது. கூடத்தின் சுவரெல்லாம் ஏறத்தாழ 20,000 நீல வெள்ளை ஓடுகள். ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் தீட்டியவை. போர்க்களம், அரச ஊர்வலம், மாவு மில், திராட்சை அறுவடை எல்லாம் அதில் இருக்கின்றன. அரசர்களை விட, தலையில் கூடை சுமந்து போகும் பெண்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டோரு ஆற்றைக் கடந்து விலா நோவா டி காயா பக்கம் போனோம். 1886-ல் திறந்த தோம் லூயிஸ் இரும்புப் பாலத்துக்கு இரண்டு தளம். மேலே மெட்ரோ ரயிலோடு நாமும் நடக்கலாம், கீழே வண்டிகள். மேல்தளத்தில் நின்று பார்த்தால் ஒரு கரையில் அடுக்கடுக்காகப் போர்ட்டோ வீடுகள், மறுகரையில் நீளமான ஓட்டுக் கூரைகள். அந்தக் கூரைகளுக்கு அடியில்தான் போர்ட் வைன் பீப்பாய்களில் உறங்குகிறது.

வைன் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணமே அதற்காகத்தான். சாதாரண வைனில் திராட்சையின் சர்க்கரை முழுவதும் நொதித்து மதுவாக மாறிவிடும். போர்ட் வைனில் இரண்டு மூன்று நாளிலேயே, சர்க்கரை பாதி மிச்சம் இருக்கும்போதே, திராட்சையிலிருந்து காய்ச்சிய கடும் சாராயத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். சாறு நான்கு பங்கு என்றால் சாராயம் ஒரு பங்கு. நொதிக்க வைக்கும் ஈஸ்ட் அதோடு செத்துப்போகும், இனிப்பு அப்படியே தங்கிவிடும். மதுவின் அளவு 20 சதவீதத்தை நெருங்கும். பெரிய தொட்டிகளில் காற்றுப் படாமல் வைத்தால் சிவப்பு மாறாத 'ரூபி'. சிறிய மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்தால் நிறம் வெளிறி, பழுப்பேறி, உலர்ந்த அத்திப்பழமும் வறுத்த முந்திரியும் நினைவுக்கு வருகிற 'டானி'. நான் 10 வருட டானியையும் 20 வருட டானியையும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தேன். 20 வருடம் என் மனதில் நின்றுவிட்டது. ஒரு வாய் குடித்த பிறகு வெகுநேரம் பேசவே தோன்றவில்லை.

காயாவில் இருப்பது கிடங்குகள்தான். திராட்சை விளைவது ஆற்றின் மேல்பகுதியில், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். போகிறவர்கள் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் சாதாரணப் பாதைதான். அதற்குப் பிறகு ஆறு சட்டென்று பக்கத்தில் வந்து கூடவே ஓடுகிறது. நாங்கள் பின்யாவ் என்ற சின்ன ஊரில் இறங்கினோம். அந்த நிலையத்திலும் ஓட்டு ஓவியங்கள், அறுவடைக் காட்சிகளும் டோரு நிலக்காட்சிகளும்.

டோரு பள்ளத்தாக்கை என்ன சொல்லி விளக்குவது? மலை முழுவதும் படிக்கட்டாக வெட்டியிருக்கிறார்கள். மண் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை, பலகை பலகையாக உடைகிற கல்தான். அந்தக் கல்லை உடைத்து, சாந்து இல்லாமல் சுவராக அடுக்கி, அதன் பின்னால் கொடி நட்டிருக்கிறார்கள். வேர் தண்ணீர் தேடிக் கல்லின் விரிசல் வழியே பல மீட்டர் ஆழம் இறங்குகிறது. 'ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்' என்று அந்த மக்கள் தங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். 1756-ல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு இந்தப் பகுதிக்கு எல்லைக்கல் நட்டு, இதற்குள் விளைந்தால்தான் போர்ட் என்று சட்டம் போட்டார். உலகிலேயே முதன்முதலில் சட்டப்படி எல்லை வகுத்து ஒழுங்குபடுத்திய வைன் பகுதிகளில் இது ஒன்று.

சில சரிவுகளில் சுவர் மட்டும் இருந்தது, கொடி இல்லை. புதர் மண்டிக் கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து கொடிகளை எல்லாம் கொன்றபோது கைவிட்ட நிலங்கள் அவை. அவற்றுக்கு 'மொர்ட்டோரியு' என்று பெயர், மரணம் என்ற சொல்லிலிருந்து வந்தது. யாரோ தோளில் கல் சுமந்து கட்டிய சுவர், நூறு வருடத்துக்கு மேலாகச் சும்மா நிற்கிறது. எனக்கு நெஞ்சை அடைத்தது.

நாங்கள் போனது செப்டம்பர் கடைசி, அறுவடை நேரம். தங்கியிருந்த தோட்டத்தில் கருங்கல் தொட்டிக்குள் இறங்கித் திராட்சை மிதிக்க அழைத்தார்கள். கால் கழுவிக்கொண்டு நானும் அக்காவும் இறங்கினோம். முழங்கால் வரை பழம். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, வரிசையாக, ஒரே தாளத்தில் மிதிக்க வேண்டும். இடது, வலது, இடது, வலது. இயந்திரம் இருக்கும்போது எதற்குக் கால் என்று கேட்டேன். கால் பழத்தை நசுக்கும், ஆனால் விதையை உடைக்காது, விதை உடைந்தால் கசக்கும் என்றார் எங்கள் பக்கத்தில் மிதித்த பெரியவர். வயலில் நடவு நட்ட எங்கள் அப்பத்தா இதைக் கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

லிஸ்பனில் மூன்று நாள். பக்கல்யாவ் சாப்பிட்டோம், அதாவது உப்புப் போட்டு உலர்த்திய காட் மீன். நம் கருவாடுதான், ஆனால் பலகை அளவு. அந்த மீன் போர்ச்சுகல் கடலிலேயே கிடையாது. நார்வே, நியூஃபவுண்ட்லாந்து பக்கத்துக் குளிர்கடலில் இருந்து வருகிறது. ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகுதான் சமையல். பிய்த்த மீனோடு வெங்காயம், தீக்குச்சி மாதிரி வறுத்த உருளைக்கிழங்கு, முட்டை போட்டுக் கிளறுகிற 'ஆ பிராஸ்' எங்களுக்கு மிகவும் பிடித்தது. நம் முட்டைப் பொடிமாஸுக்கு ஒன்றுவிட்ட உறவு.

பெலெம் பகுதியின் ஜெரோனிமோஸ் மடாலயத்தை அழகு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்லில் கயிறும் பவளமும் கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். 1501-ல் தொடங்கிய அந்தக் கட்டடத்துக்குப் பணம் ஆப்பிரிக்க, கீழைநாட்டு வாணிபத்தின் மீது போட்ட வரியிலிருந்து வந்தது. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. அதன் முன்னால் எனக்கு வேறு நினைவுகள் வந்தன. 1619-ல் யாழ்ப்பாண அரசு போர்ச்சுக்கீசியரிடம் விழுந்தது, அதை அடுத்து நல்லூர் கோயில் இடிக்கப்பட்டது. அதே லிஸ்பனில்தான் 1554-ல், ரோமன் எழுத்தில் என்றாலும், தமிழ் முதன்முதலில் அச்சேறியது. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று நாம் வீட்டுக்குள் சொல்கிற சொற்களும் அவர்களிடமிருந்து வந்தவைதான். இரண்டு கணக்கும் மனதில் சேர்ந்தே இருந்தன. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க எனக்கு மனமில்லை.

மடாலயத்துக்குப் பக்கத்தில் 1837-லிருந்து நடக்கிற கடையில் முட்டை மஞ்சள் கருப் பணியாரம் சாப்பிட்டோம். மடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்துக்கொள்ள, மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்த இனிப்புகளில் ஒன்று என்கிறார்கள். மேலே பட்டைத் தூள் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும்.

கடைசியாக எவோரா. ரோமானியர் கட்டிய கோயிலின் 14 தூண்கள் ஊர் நடுவே நிற்கின்றன. இடைக்காலத்தில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, வெகுகாலம் இறைச்சிக் கொட்டிலாகப் பயன்படுத்தியதால்தான் அவை இடிபடாமல் பிழைத்தன.

மாலையில் ஒரு சிறிய உணவகத்தில் 'அசோர்டா' கேட்டோம். அம்மா வயதில் ஒருவர் எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே பூண்டு, கல் உப்பு, ஒரு கைப்பிடி பச்சைக் கொத்தமல்லி போட்டு இடித்தார். பத்து நாளாக அந்த வாசனை இல்லாமல் இருந்த எங்களுக்கு மூக்கு நிறைந்தது. அதில் ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, காய்ந்துபோன பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஓடில்லாமல் வேகவைத்த ஒரு முட்டை. அவ்வளவுதான். எவோரா இருக்கிற அலென்டேஜு பகுதியின் ஏழை வீட்டுச் சாப்பாடு அது. ரொட்டி தண்ணீரை உறிஞ்சி, ரசத்தில் ஊறிய சோறு மாதிரி குழைந்து வந்தது.

அக்கா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய், அந்த அம்மாவின் கையிலிருந்த உலக்கையை வாங்கி, அடுத்த மேசைக்கான கொத்தமல்லியை இடிக்கத் தொடங்கினாள்.