சிலபஸுக்கு வருவோம்

"சரிம்மா, சிலபஸுக்கு வருவோம்." அவள் கேட்டதற்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

2023, அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. எதிர்க்கட்சிக்காரர்கள் விடும் அறிக்கைகளைப் பேப்பரிலிருந்து வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பாதித் துண்டுகளில் 'ஜனநாயகப் படுகொலை' இருந்தது. "கட்சிப் பேரை மறைச்சிட்டா யாரு விட்டதுன்னே தெரியாது சார்" என்றான் ஒருவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியலே தெரியாது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஆளும்போது ஒரு பேச்சு, எதிரே உட்காரும்போது ஒரு பேச்சு என்பதை அவர்கள் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள்.

அப்புறம் புதுச்சேரியின் பாகூர் பக்கத்திலிருந்து வரும் பெண் எழுந்தாள். உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து என்ற அறிக்கையை நோட்டில் ஒட்டியிருந்தாள், 'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு.

"இவங்க ஆட்சியில இருந்தப்பவும் நடத்தலையே சார். எங்க கொம்யூனுக்கு நான் எப்போ ஓட்டுப் போடுவேன்?"

கொம்யூன் என்றால் பல கிராமங்களைச் சேர்த்த பஞ்சாயத்து. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. அதற்கப்புறம் ஆட்சி இரண்டு முறை கைமாறியும் அன்று வரை தேர்தல் வரவில்லை. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாமே அதிகாரிகள் கையில். நான் இருப்பது கடலூர். மாநகராட்சியான பிறகு 2022 பிப்ரவரியில் நடந்த முதல் தேர்தலில் என் வார்டுக்கு ஓட்டுப் போட்டவன். எங்களுக்கும் 2016லிருந்து இழுத்தடித்துத்தான் நடந்தது, ஆனாலும் நடந்தது. பெண்ணையாற்றைத் தாண்டினால் அவள் ஊர்ப்பக்கம், அங்கே அவளுக்கு அந்த ஓட்டு இல்லை. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும்தான் சிலபஸுக்கு வருவோம் என்றேன்.

வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற வேலை எனக்கு. வராண்டாவில் துறைத் தலைவர் போய்க்கொண்டிருந்தார். வகுப்பில் கட்சி அரசியல் பேசக்கூடாது என்பதை நான் இன்றும் நம்புகிறேன், அது பயத்துக்குப் போட்ட போர்வை இல்லை. ஆனால் அவள் கேட்டது கட்சி அரசியலா? அரசியல் சட்டத்தில் 5 வருஷம் என்று எழுதியிருப்பதைத்தானே கேட்டாள்? பாடத்தில் இருப்பதைக் கேட்ட பெண்ணிடம் பாடத்துக்கு வா என்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பஸ் கிருமாம்பாக்கம் தாண்டும்போதுதான் பதில் வந்தது. அந்த அறிக்கையை மனசார விட்டார்களா என்று பார்க்காதே, தூக்கிப் போடவும் செய்யாதே, வெட்டி வைத்துக்கொள், நாளைக்கு அவர்களே ஆட்சிக்கு வந்தால் அதைக் காட்டிக் கேள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் போய்க் காட்டுவாள்? வார்டுக்கு ஓர் ஆள் இருந்தால் அவரிடம் காட்டலாம், அந்த ஆளே இல்லை என்பதுதானே அவள் கேள்வி. அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தேன். பேசவில்லை. பேசியிருந்தாலும் இந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்திருக்குமா என்று இப்போதும் தெரியவில்லை.

அந்த செமஸ்டர் இன்டர்னல் தேர்வில் உள்ளாட்சி பற்றி ஒரு கேள்வி வைத்தேன். '5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தப்படுகிறது' என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதியிருந்தாள். முழு மார்க் போட்டேன்.