கேம்பர் வேன் கழிவுத் தொட்டி: உப்புத் தண்ணீரை நிறுத்தியதும் நின்ற நாற்றம்

டெம்போ டிராவலரைக் கேம்பர் வேனாக மாற்றியபோது அடியில் இரண்டு தொட்டி பொருத்தினோம். கழிவறைக்கு 80 லிட்டர், சிங்க் தண்ணீருக்கு 60 லிட்டர். படுக்கை, அடுப்பு, சோலார் எல்லாம் சரியாக அமைந்துவிட்டன. நாற்றம்தான் அடங்க மறுத்தது. ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கிளம்பினால் அரியமான், தேவிபட்டினம், ஏர்வாடி, மூக்கையூர் என்று கடலோரமாகவே சுற்றுகிறோம். நிழல் கிடைப்பது அபூர்வம். தொட்டி சூடேற ஏற உள்ளே கிருமிகள் வேகமாகப் பெருகும், வாயுவும் கூடும்.

கழிவுத் தொட்டிக்கு முதல் மருந்து தண்ணீர். கொஞ்சமாக ஊற்றினால் கெட்டியானது அடியில் படிந்து இறுகிவிடும், பிறகு எந்தப் பவுடருக்கும் அசையாது. காலி செய்தவுடன் அடி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுத்தான் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். வெளியேற்றும் வால்வைத் தொட்டி முக்கால்வாசி நிறையும்வரை திறக்கவே கூடாது. வீட்டில் நிற்கும்போது குழாயை மாட்டித் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மலம் தங்கிவிடும். காகிதம் பயன்படுத்தும் நாடுகளில் அடைப்புதான் பெரிய தலைவலி. நமக்குக் கழுவும் பழக்கம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடலோரத்தில் எங்கு கேட்டாலும் தாராளமாகக் கிடைப்பது போர்த் தண்ணீர், அதில் பெரும்பாலும் உப்பு. ஒரு பயணம் முழுக்க அதையே ஊற்றிப் பார்த்தேன். அடுத்த முறை அதே வழி, அதே வெயில், வீட்டுக் கிணற்று நல்ல தண்ணீர் மட்டும். வித்தியாசம் மூக்குக்கே தெரிந்தது. உப்புத் தண்ணீர் விட்டபோது மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. நல்ல தண்ணீரில் வாடை இருந்தது, ஆனால் அந்த முட்டை நெடி இல்லை. காரணம் சல்பேட். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. கடல் கலந்த நிலத்தடி நீரிலும் அது ஏறிவிடும். காற்றில்லாத தொட்டிக்குள் சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. முட்டை நாற்றம் அதுதான்.

சரி, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த மாவட்டம் இது. காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, குடிதண்ணீரைக் கழிவறையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ஊருணியிலும் கை வைக்கக் கூடாது. அதனால் குளிக்கிற தண்ணீரைப் பிடித்தோம். குளியல் தட்டுக்குக் கீழே 20 லிட்டர் கேன் ஒன்று. வீட்டிலிருந்து கொண்டுபோன கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டு, அதையே அன்றைக்கே கழிவறைக்கு ஊற்றுகிறோம். மறுநாள் வரை வைத்தால் அதுவே நாறும். ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது.

மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பு. தொட்டியை எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்கில்தான் கொட்டுகிறோம். கடலிலோ உடைமரக் காட்டிலோ ஒரு சொட்டு விடக் கூடாது, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே செப்டிக் டேங்கின் பாக்டீரியாவைக் கொல்லும் ஃபார்மலின், பினாயில், ஆசிட் எதுவும் வேண்டாம். செப்டிக் டேங்குக்கு விற்கும் பாக்டீரியா பவுடரே போதும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து.

கொட்டும் குழாயில் ஒளி ஊடுருவும் முழங்கைத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் கறுப்பாக, பிறகு தேநீர் நிறத்தில், கடைசியில் தெளிவாக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெளிவாகும்வரை அலசுவேன். பாதி நிரப்பி வேகத்தடை உள்ள சாலையில் ஒரு சுற்று ஓட்டினால் மூலைகளும் கழுவப்படும். தொட்டிக்குள் கையையோ தலையையோ விடுவதில்லை, வேறு யாரையும் விடச் சொல்வதும் இல்லை. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை இறக்கிச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் தெரியவில்லை என்பதற்காக வாயு இல்லை என்று அர்த்தமில்லை.

இவ்வளவு செய்தும் உள்ளே லேசான வாடை வந்தபோது காரணம் மணல். கழிவறைக் கிண்ணத்தின் அடியில், தொட்டிக்குத் திறக்கும் மூடியின் ரப்பர் வளையத்தில் ஈரத்துணியை விரலில் சுற்றித் தேய்த்தேன், வெள்ளை மணல் பொடிப்பொடியாக ஒட்டி வந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் வாயு ஏறியிருக்கிறது. துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். வாசலின் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகலாம். மூடிக்கு மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். மூடியைத் திறக்கும்முன் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிடுங்கள், ஓடினால் தொட்டி வாயுவை உள்ளே இழுக்கும். கச்சான் காற்று பலமாக அடிக்கும் தனுஷ்கோடி அரிச்சல்முனையில், தொட்டி வாயு வெளியேறும் கூரைக் குழாய் வழியாகக் காற்று கீழே தள்ளியது. டி வடிவ மூடி போட்டதும் சரியானது.

சிங்க் தொட்டிக்கு ஒரே விதி: மீன் கழுவிய தண்ணீர் இறங்கக் கூடாது. நகரை மீன் அலசிய தண்ணீரை வாளியில் பிடித்து, வீட்டுக்கு வந்ததும் தென்னைக்கு ஊற்றுகிறோம். குழம்புத் தட்டைப் பழைய செய்தித்தாளால் துடைத்தபிறகே கழுவுகிறோம். வண்டி சும்மா நிற்கும்போது சிங்கின் கீழ் வளைவில் தேங்கிய தண்ணீர் வற்றி வாடை வரும், ஒரு குவளை ஊற்றினால் நிற்கும்.

அடுத்த வேலை, தொட்டியைச் சுற்றி வெப்பம் தடுக்கும் ஃபாயில் ஒட்டுவது. கத்திரி வெயில் தொடங்கும்முன் முடித்துவிட்டு அளவுகளோடு எழுதுகிறேன்.