சிஸ்டம் பைதானில் கை வைத்தேன், ஒன்றரை நாள் போயிற்று

புதிதாகச் சேர்ந்த ப்ராஜெக்டின் நிரலை இறக்கி ஓட்டியதுமே 'சின்டாக்ஸ் எரர்' என்று நின்றுவிட்டது. காட்டிய வரியில் ஓர் எஃப்-ஸ்ட்ரிங், அதாவது மேற்கோள்குறிக்குள் எழுதும் உரையின் நடுவே நிரல்துண்டுகளை வைக்கும் வசதி. அதன் வெளியிலும் உள்ளேயும் ஒரே வகை மேற்கோள்குறி. பைதான் மொழியின் 3.12 பதிப்பு அதை ஏற்கும். என் கணினியின் இயங்குதளமான உபுண்டு 22.04உடன் வந்த 3.10 ஏற்காது. சரி, 3.12 வேண்டும். அதை நிறுவுவது ஐந்து நிமிட வேலையாக முடிந்தது.

அங்கேயே நின்றிருக்க வேண்டும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் பைதான்3 என்று தட்டினால் இன்னும் 3.10 வருகிறதே என்ற எரிச்சலில், பைதான்3 என்ற சிம்லிங்க்கையே (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) 3.12 பக்கம் திருப்பிவிட்டேன். ப்ராஜெக்ட் ஓடியது. நிம்மதியாக டெர்மினலை மூடினேன். மறுபடி அது திறக்கவே இல்லை. ஐகானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு பிழைச்செய்தி கூட வரவில்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் உள்நுழைந்தேன். மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஏபிடி அப்டேட் கட்டளையைக் கொடுத்தால் அதுவும் முடிவில் 'ஏபிடி_பிகேஜி' என்ற பைதான் மாட்யூல் (நிரல் கூறு) இல்லை என்றது. அப்போதுதான் உறைத்தது. உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவைப்பதே ஒரு சிறிய பைதான் ஸ்கிரிப்ட்தான். அதற்கு வேண்டிய மாட்யூல்கள் சி மொழியில் எழுதி 3.10க்கென்றே கம்பைல் செய்யப்பட்டவை. 3.12 அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சிம்லிங்க்கை 3.10க்கே திருப்பினேன், டெர்மினல் திறந்தது. இணையத்தில் இந்த வழியைச் சொல்லித்தரும் குறிப்புகள் ஏராளம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பைதான் இயங்குதளத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கானது.

கையால் நிறுவிய 3.12ஐ நீக்கிவிட்டு, பல பைதான் பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வ் வழிக்கு வந்தேன். அது மூலநிரலிலிருந்து பைதானைக் கட்டுவதால் நேரம் பிடிக்கும். கடைசியில் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்துக்கான நீட்சி கம்பைல் ஆகவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. பிழை இல்லை, எச்சரிக்கைதானே என்று விட்டேன். ப்ராஜெக்டின் சோதனைகள் அனைத்தும் முதல் வரியிலேயே விழுந்தன. லிப்எஸ்கியூலைட்3-டெவ் தொகுப்பை நிறுவி, முழுவதையும் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. கட்டத் தொடங்கும் முன்பே பைஎன்வ் விக்கியில் உள்ள தொகுப்புப் பட்டியலை அப்படியே நிறுவிக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இதற்கு அடுத்தது. பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் ஒன்றை நிறுவுகிறேன், வெற்றி என்கிறது. பைதானில் இம்போர்ட் செய்தால் அப்படியொன்று இல்லை என்கிறது. பிப் எங்கே இருக்கிறது என்று 'விச்' கட்டளையால் கேட்டால், பைஎன்வ்வின் ஷிம்ஸ் அடைவை (கட்டளையைச் சரியான பதிப்புக்குத் திருப்பிவிடும் கோப்புகள் உள்ள இடம்) சரியாகக் காட்டுகிறது. கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் வரிசையிலும் ஷிம்ஸ்தான் முதலில். மதியம் முழுவதும் இதிலேயே போயிற்று.

'டைப் பிப்' என்று கேட்டபோதுதான் விடை கிடைத்தது. 'ஹாஷ்டு' என்று சொல்லி, பழைய பிப்பின் முகவரியைக் காட்டியது. ஒரு கட்டளையை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், டெர்மினலுக்குள் கட்டளைகளை ஓட்டும் பாஷ் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் தேடாது. காலையிலிருந்து திறந்திருந்த அந்த டெர்மினலில், பைஎன்வ் கட்டி முடிப்பதற்கு முன்பே ஒருமுறை பிப்பை அழைத்திருந்தேன். 'விச்' ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுவதால் புது இடத்தைக் காட்டியது. ஓடியதோ பழையது. 'பைதான்' என்ற பெயரை மட்டும் அதுவரை நான் தட்டியதே இல்லை, உபுண்டு 22.04இல் இயல்பாக அந்தப் பெயரில் கட்டளையே கிடையாது. அதனால் அது நேராக 3.12க்குப் போயிருக்கிறது. 'ஹாஷ் -ஆர்' என்ற ஒரு கட்டளையில் எல்லாம் நேரானது. டெர்மினலை மூடித் திறந்திருந்தாலும் போதும்.

அன்றிலிருந்து பிப்பைத் தனியாக அழைப்பதை விட்டுவிட்டேன். 'பைதான் -எம் பிப்' என்றே கொடுக்கிறேன். எந்தப் பைதான் ஓடுகிறதோ அதற்குள்தான் தொகுப்பு போய்ச் சேரும், வேறு வழியே இல்லை. சந்தேகம் வந்தால் பிப்பின் பதிப்பைக் கேளுங்கள். அந்த வரியின் கடைசியில் அது எந்தப் பைதானுக்கு உரியது என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். மதியமே அதைப் படித்திருந்தால் 3.10 என்று கண்ணில் பட்டிருக்கும்.

ப்ராஜெக்டின் தொகுப்புகளைத் தனியாக வைத்துக்கொள்ள 3.10இல் உருவாக்கிய மெய்நிகர் சூழலை அழித்து, 3.12இல் புதிதாக உருவாக்கினேன். இரண்டு நிமிடம். பழைய சூழலை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், அது பிறந்த பதிப்போடு கட்டுண்டது.

சோதனைகள் அனைத்தும் பச்சையாக ஓடி முடிந்தபோது மணி இரவு பதினொன்றரை. அந்தக் கையோடு, 3.12 என்று மட்டும் எழுதிய '.பைதான்-வெர்ஷன்' கோப்பை ப்ராஜெக்டின் நிரல் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன். அடுத்து வருபவர் பைஎன்வ்வையும் அதன் வழியாக நிறுவிய 3.12ஐயும் வைத்திருந்தால், அந்த அடைவுக்குள் நுழைந்ததுமே சரியான பைதான் அவருக்குக் கிடைக்கும்.